‘பழகிரும்’ என்று சொல்லித் தப்ப முடியாது

பேஸ்புக் தன் தோற்றத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் கல்முனைக் கடைத்தெருவில் கேட்கும் தீர்ப்பு ஒன்றுதான்: “ரெண்டு நாளைக்குச் சத்தம் போடுவானுகள், பொறகு பழகிரும்.” ஒரு பொத்தான் இடம் மாறினாலும் இதே தீர்ப்பு. யாருடைய செய்தி யாரை வந்துசேர வேண்டும் என்ற ஒழுங்கே தலைகீழானாலும் இதே தீர்ப்பு. கடைக்காரர் ஒருவர் இப்படிச் சொல்லும்போது அது அவருடைய அனுபவம், அவ்வளவுதான். உலகின் மிகப் பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் இதையே கொள்கையாக வைத்து நடக்கின்றன. அதன் விளைவைச் சுமப்பவர்கள் மருதமுனையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் இருக்கிறார்கள். இந்தக் கருத்து பிழையானது. பிழை எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டவும் முடியும்.

அதற்கு முன் அந்தக் கருத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துவைப்பதே நியாயம். மனிதருக்குப் பழகியதே பிடிக்கும் என்பது ஊகமல்ல. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் கண்டாலே அதன் மீது விருப்பம் வளரும் என்று அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் ஸாயொன்ஸ் 1968இல் எழுதினார். மாற்றத்தால் நன்மை வரும் என்று தெரிந்தாலும் மனிதர் இருக்கும் நிலையையே விடாமல் பற்றிக்கொள்வார்கள் என்பதை சாமுவெல்சன், செக்ஹவுசர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1988இல் காட்டினார்கள். பேஸ்புக்கின் சொந்த வரலாறும் இந்தப் பக்கமே நிற்பதாகத் தோன்றுகிறது. 2006இல் நியூஸ் ஃபீட் வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. இன்று நியூஸ் ஃபீட் இல்லாத பேஸ்புக்கை எவராலும் நினைத்துப் பார்க்க முடியாது. 2008இலும் எதிர்ப்பு, 2009இலும் எதிர்ப்பு, டைம்லைன் வந்தபோதும் எதிர்ப்பு. அத்தனைக்கும் நடுவில் பாவனையாளர் தொகை மாதத்துக்கு 300 கோடியைத் தாண்டியது. சத்தம் போடுபவர்கள் எப்போதும் ஒரு சிறு தொகையினர், சேவையோ இலவசம், பழைய தோற்றத்தை என்றென்றும் வைத்துப் பராமரிக்கவும் முடியாது. ஆகவே முறைப்பாடுகளைக் கடந்து போவதே புத்திசாலித்தனம் என்கிறது இந்த வாதம்.

கேட்பதற்கு வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தால் நிலைமை வேறு.

1. 2006ஆம் ஆண்டின் கதை பாதியிலேயே நிறுத்தப்படுகிறது. நியூஸ் ஃபீட் வந்தது செப்டெம்பர் 5ஆம் திகதி. அதுவரை ஒருவருடைய பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரிந்த விடயங்கள், யாருடைய உறவு முறிந்தது என்பது உட்பட, ஒரே நாளில் எல்லா நண்பர்களின் முகப்பிலும் வந்து விழுந்தன. சில நாட்களுக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தார்கள். அன்று பேஸ்புக்கில் இருந்தவர்களே ஏறத்தாழ ஒரு கோடிப் பேர்தான். எல்லாரும் அமைதியாக இருங்கள் என்று முதலில் எழுதிய மார்க் ஸக்கர்பேர்க், 8ஆம் திகதி பகிரங்கக் கடிதம் ஒன்றில் பிழை தங்களுடையது என்று ஒப்புக்கொண்டார். எது வெளியே தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று பாவனையாளரே தீர்மானிக்கும் வசதி அப்போதுதான் சேர்க்கப்பட்டது.

ஆக, மக்கள் பழகிக்கொண்டது எதற்கு? 5ஆம் திகதி வந்த நியூஸ் ஃபீடுக்கு அல்ல. மூன்று நாள் எதிர்ப்புக்குப் பிறகு திருத்தப்பட்ட நியூஸ் ஃபீடுக்கு. எதிர்ப்பு வென்ற ஒரு சம்பவத்தை, எதிர்ப்பு பயனற்றது என்பதற்குச் சான்றாக இருபது வருடமாகக் காட்டி வருகிறார்கள். அடுத்த வருடமே இன்னொன்று நடந்தது. வேறு இணையத்தளங்களில் ஒருவர் எதை வாங்கினார் என்பதை நண்பர்களுக்கு அறிவிக்கும் ‘பீக்கன்’ என்ற ஏற்பாட்டை பேஸ்புக் 2007 நவம்பரில் கொண்டுவந்தது. எதிர்ப்பு வலுத்ததால் டிசம்பரில் ஸக்கர்பேர்க் மன்னிப்புக் கேட்டார். வழக்கொன்றின் பின்னர் 2009இல் அந்த ஏற்பாடு முற்றாக மூடப்பட்டது. அதற்கும் மக்கள் ‘பழகியிருப்பார்கள்’ என்று இன்று யாராவது வாதாடுவார்களா?

வட்ஸ்அப்பையும் இதில் சேர்க்கலாம். 2017 பெப்ரவரியில், பெயருக்குக் கீழே எழுதிவைக்கும் ஒரு வரி ஸ்டேட்டஸை எடுத்துவிட்டு, 24 மணித்தியாலத்தில் மறையும் படங்களை அந்த இடத்தில் வைத்தார்கள். முறைப்பாடுகள் குவிந்தன. அடுத்த மாதமே அந்த ஒரு வரி திரும்பி வந்தது. இன்று கல்முனையில் ஒருவர் தன் பெயருக்குக் கீழே ஒரு துஆவையோ கடையின் திறப்பு நேரத்தையோ எழுதி வைத்திருக்கிறார் என்றால், எங்கோ யாரோ சத்தம் போட்டதால்தான்.

2. தங்கியவர்களை மட்டும் எண்ணிவிட்டு எல்லாரும் பழகிவிட்டார்கள் என்பது கணக்கல்ல. போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. டிக் என்ற தளம் ஒரு காலத்தில் அமெரிக்காவில் செய்திகளைப் பகிரும் முதன்மையான இடம். 2010 ஓகஸ்டில் அதன் நான்காவது வடிவம் வந்தது. பிடிக்காத பதிவைக் கீழே தள்ளும் பொத்தான் எடுபட்டது. பெரிய வெளியீட்டாளர்களின் செய்திகள் தாமாகவே வந்து நிறைந்தன. பாவனையாளர்கள் கூட்டமாக ரெடிட் என்ற தளத்துக்குப் போனார்கள். ஒரு காலத்தில் பல கோடி டொலர் பேசப்பட்ட அந்தத் தளம் 2012 ஜூலையில் ஏறத்தாழ 5 இலட்சம் டொலருக்குக் கைமாறியதாகச் செய்திகள் வந்தன. டிக்கின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அதன் பாவனையாளர்கள் பழகிக்கொண்டார்கள் என்று மட்டும் சொல்ல முடியாது.

ஸ்னாப்சட்டின் கதை இன்னும் தெளிவானது. 2018இன் தொடக்கத்தில் புதிய தோற்றம் வந்தபோது, பழையதைத் திருப்பித் தரக் கோரிய மனுவில் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். அந்த முறைப்பாடுகளே மாற்றம் சரியானது என்பதற்கு அத்தாட்சி என்ற பொருள்படப் பேசினார் அதன் தலைவர் இவான் ஸ்பீகல். கல்முனைக் கடைத்தெருவின் தீர்ப்பும் கம்பனித் தலைவரின் தீர்ப்பும் ஒன்றாக நிற்கும் இடம் இது. பிறகு நடந்ததைக் கணக்கு சொல்கிறது. அந்த வருடத்தின் முதலாம் காலாண்டில் நாளொன்றுக்கு 19 கோடியே 10 இலட்சமாக இருந்த பாவனையாளர் தொகை, இரண்டாம் காலாண்டில் 18 கோடியே 80 இலட்சத்துக்கும் மூன்றாம் காலாண்டில் 18 கோடியே 60 இலட்சத்துக்கும் இறங்கியது. அந்தக் கம்பனியின் வரலாற்றில் பாவனையாளர் தொகை குறைந்தது அதுவே முதல் தடவை. புதிய தோற்றம் ஏற்படுத்திய குழப்பமே முதன்மைக் காரணம் என்று பின்னர் ஸ்பீகலே சொன்னார்.

கல்முனைக் கரையோரத்துக்கு வந்தால் இந்தக் கேள்வி இன்னும் ஆழமாகிறது. இங்கே ஒருவர் பேஸ்புக்கில் தொடர்ந்து இருப்பதற்கு அதன் தோற்றம் பிடித்திருப்பது காரணமல்ல. மகன் கட்டாரில், மருமகன் ரியாதில், வாடிக்கையாளர்கள் கொழும்பில், ஊர்ச் செய்தி முழுவதும் அந்த ஒரே தளத்தில். முழு ஊரும் ஒரே நாளில் வேறிடம் போனாலன்றித் தனி ஒருவர் போவதில் பயனில்லை. போக வழியில்லாமல் இருப்பதை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கெழுதுவது நியாயமல்ல.

3. சத்தம் வரவில்லை என்றால் சம்மதம் என்று ஆகாது. இதற்கு மிகப் பெரிய சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அது பற்றி இங்கே போதிய அளவு பேசப்படவே இல்லை.

2017 ஒக்டோபரில் பேஸ்புக் ஆறு நாடுகளைத் தெரிந்தெடுத்தது: இலங்கை, கம்போடியா, பொலிவியா, குவாத்தமாலா, சேர்பியா, சிலோவாக்கியா. இந்த நாடுகளில் நியூஸ் ஃபீட் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நண்பர்களும் உறவினர்களும் போடும் பதிவுகள் வழமையான இடத்தில் இருந்தன. பத்திரிகைகள், வானொலிகள், கடைகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றின் பேஜ்களில் வரும் பதிவுகள் ‘எக்ஸ்ப்ளோர்’ என்ற வேறோர் இடத்துக்கு அனுப்பப்பட்டன. காசு கொடுத்து பூஸ்ட் செய்த பதிவுகளுக்கு மட்டும் பழைய இடத்தில் அனுமதி. இது ஒரு பரிசோதனை என்றார்கள்.

சிலோவாக்கியாவில் பிலிப் ஸ்ட்ருஹாரிக் என்ற பத்திரிகையாளர் உடனே கணக்குப் பார்த்தார். அந்த நாட்டின் மிகப் பெரிய 60 ஊடகப் பேஜ்களுக்குக் கிடைத்த லைக், கொமென்ட், ஷெயார் எல்லாம் நான்கில் ஒரு பங்காக விழுந்திருந்தன. அவர் எழுதியதால்தான் உலகம் விழித்தது.

இங்கே கடைத்தெருவில் அந்த ‘ரெண்டு நாள் சத்தம்’ கூடக் கேட்கவில்லை. ஏன்? பொத்தானின் நிறம் மாறினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு பத்திரிகையின் பதிவு வராமல் போனால் எது தெரியும்? வராத பதிவை ஒருவர் எப்படித் தேடுவார்? இருந்த ஒன்று எடுபட்டது என்று அறியாதவரால் முறைப்பாடு செய்ய முடியாது. ‘பழகிரும்’ என்ற வாதத்தின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது. சத்தம் போட்டால் அது பழக்கமின்மை என்கிறார்கள்; சத்தம் போடாவிட்டால் அது சம்மதம் என்கிறார்கள். அப்படியானால் பாவனையாளர் எந்த நிலையில் இருந்தால் அவருடைய சொல் எடுபடும்?

அந்தப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தபோதே 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு வந்தது. அம்பாறை நகரத்தில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்ற பொய் கிளப்பப்பட்டது. உணவகமும் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. கல்முனையிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேரக்கூடிய நகரம் அது. அங்கே எடுக்கப்பட்ட வீடியோ பேஸ்புக்கில் கைக்குக் கை பரவியது. மாத்திரை என்று சொல்லப்பட்டது வெறும் மாவுத் திரள்தான் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார்.

பேஸ்புக்கின் தோற்ற மாற்றம்தான் அம்பாறையை எரித்தது என்று இங்கே வாதிடப்படவில்லை. வெறுப்பை வளர்த்தவர்கள் வேறு. தடுக்கத் தவறியவர்கள் வேறு. அவர்களுடைய பொறுப்பு ஒரு துளியும் குறையாது. ஆனால் இதைக் கவனிக்க வேண்டும். அந்த இரவில் இலங்கையரின் முகப்பில், தெரிந்தவர் ஒருவர் பகிர்ந்த வதந்திக்கு இடம் இருந்தது. பொறுப்புள்ள செய்தி நிறுவனம் ஒன்று தன் பேஜில் போட்ட மறுப்புக்கு இடம் இருக்கவில்லை. ஒரு நாட்டின் செய்தி ஓட்டத்தையே மாற்றிய ஒரு முடிவைப் ‘புதுத் தோற்றம்’ என்றும், ‘பழகிரும்’ என்றும் பேசுவது எப்படிப் பொருந்தும்?

2018 மார்ச் 1ஆம் திகதி பேஸ்புக் அந்தப் பரிசோதனையை நிறுத்தியது. அப்போது நியூஸ் ஃபீடுக்குப் பொறுப்பாக இருந்த அடம் மொசேரி சொன்ன காரணங்களைப் படித்தால், இந்தக் கட்டுரையின் எதிர்வாதியே வந்து சாட்சி சொல்வது போல இருக்கும். மக்கள் இரண்டு ஃபீடுகளை விரும்பவில்லை. கருத்துக் கணிப்பில், தங்களுக்கு வரும் பதிவுகளில் முன்பிருந்த திருப்தி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். முக்கியமான தகவல்களைப் பெறுவது அந்த நாடுகளில் கடினமாகியது. பரிசோதனை நடப்பதை அந்த மக்களுக்குத் தெளிவாக அறிவிக்கவும் இல்லை. ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி முடியும் வரை நான்கு மாதங்களுக்கு மேல் போயிருந்தன. பழகுவதற்கு அது போதாத காலமா? இலங்கையர் பழகவில்லை. அவர்களிடம் கேட்டபோதுதான் அது தெரிய வந்தது.

சில நாட்களில் வன்முறை திகனவுக்கும் கண்டியின் ஏனைய ஊர்களுக்கும் பரவியது. மார்ச் 6இல் அவசரகால நிலை. 7ஆம் திகதி பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கம். அந்த வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்.

4. பதிவுகளின் ஒழுங்கை மாற்றுவது அலங்காரமல்ல. இந்தக் கரையோரத்தில் ஒரு மௌத்து நடந்தால் சில மணித்தியாலங்களில் நல்லடக்கம். முன்பு பள்ளிவாசல் ஒலிபெருக்கி மட்டும் சொல்லும். இப்போது ஊர்ப் பேஜ்களும் சொல்கின்றன: இன்ன ஊர், இன்னாருடைய உம்மா, அஸர் தொழுகையின் பின்னர் இன்ன மையவாடியில். வெளியூரில் தொழில் செய்யும் மகனுக்கும் பேரனுக்கும் முதலில் அதுதான் கண்ணில் படும். பதிவுகள் நேர வரிசையில் வந்த காலத்தில் லுஹருக்குப் போட்டது லுஹருக்கே தெரிந்தது. இப்போதைய ஒழுங்கில் அதிகம் கொமென்ட் விழுந்த பதிவு மேலே ஏறுகிறது. கொமென்ட் எப்போது விழும்? அடக்கம் முடிந்து, ‘இன்னா லில்லாஹி’ என்று நூறு பேர் எழுதிய பிறகு. மறுநாள் காலையில் ஒருவர் போனைத் திறக்கிறார். முகப்பில் ஜனாஸா அறிவித்தல். ‘இன்று அஸருக்குப் பின்’ என்று இருக்கிறது. அந்த ‘இன்று’ நேற்றே முடிந்துவிட்டது.

பிறைக்கும் இதே கதி. கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவித்தல் வந்து, ஊரில் தக்பீர் முழங்கி, பெருநாள் தொழுகையும் முடிந்த பிறகு, முந்தின இரவு நடந்த ‘பிறை தெரிந்ததா’ என்ற தர்க்கம் சிலருடைய முகப்பில் புதிது போல வந்து நிற்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வெள்ளத்தைப் பொறுக்க முடியாது. 2024 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மேவியது. உழவு இயந்திரத்தில் போன மத்ரஸா மாணவர்களை அந்த வெள்ளம் கொண்டுபோனதை அம்பாறை மாவட்டம் மறக்காது. எந்த வீதி மூடப்பட்டிருக்கிறது, எந்தப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் போகிறது என்ற பதிவு இப்போதையதா, நேற்றையதா என்பது இப்படிப்பட்ட ஊரில் உயிரோடு தொடர்புடைய கேள்வி.

நேர வரிசை இன்னும் இருக்கிறது என்று நிறுவனம் பதில் சொல்லும். உண்மைதான். 2022 ஜூலையில் ‘ஃபீட்ஸ்’ என்று அதற்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். ஆனால் செயலியைத் திறந்தால் வருவது நிறுவனம் வரிசைப்படுத்திய முகப்புத்தான். ‘ஃபீட்ஸ்’ பகுதியைத் தேடிப்பிடித்துத்தான் போக வேண்டும், அதையே நிரந்தர முகப்பாக வைத்துக்கொள்ளவும் வழியில்லை. தேடத் தெரிந்தவருக்கு ஓர் உரிமை, தெரியாதவருக்கு இல்லை என்று ஆகிறது.

5. பழகுவதற்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நிந்தவூரிலோ அட்டாளைச்சேனையிலோ ஓர் உம்மா வட்ஸ்அப் பாவிக்கும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். எழுத்தை வாசித்து அவர் பொத்தானைத் தேடுவதில்லை. பேரப்பிள்ளை ஒரு நாள் உட்கார்ந்து காட்டிக் கொடுத்த இடம் பெருவிரலுக்கு மனப்பாடம். மேலே இடது பக்கம் மகனின் படம், அதைத் தொட்டு, கீழே மைக்கை அழுத்திப் பிடித்து, “மகன், சாப்பிட்டியா?” அந்த மைக் ஒரு விரல் அகலம் தள்ளிப்போனாலும் அவருக்குப் போன் பழுதாகிவிட்டது. “இதுல ஒண்டும் வெளங்குதில்ல, எல்லாம் மாறிப்போய்க் கிடக்கு” என்று போனை மேசையில் வைத்துவிடுவார். யாராவது வந்து மறுபடி காட்டிக் கொடுக்கும் வரை வெளிநாட்டில் இருக்கும் மகனோடு பேச்சில்லை. அவர் எந்த மனுவிலும் ஒப்பமிட மாட்டார். எந்தக் கருத்துக் கணிப்பிலும் அவருடைய குரல் வராது. கடைசியில் அவரும் பழகிக்கொள்வார் என்பது சரி. அதற்கிடையில் போன நாட்களை எந்தக் கம்பனியின் கணக்குப் புத்தகத்திலும் காண முடியாது.

உடம்பு கொடுக்கும் விலையும் உண்டு. 2021 ஓகஸ்டில் டுவிட்டர் புதிய எழுத்துருவையும் அழுத்தமான நிற வேறுபாட்டையும் கொண்டுவந்தபோது, தலையிடி வருகிறது, கண் வலிக்கிறது என்று பலர் எழுதினார்கள். ஓரிரு நாட்களில் நிற அழுத்தத்தைக் குறைத்தார்கள். இரண்டு நாளில் சத்தம் அடங்கிவிடும் என்று காத்திருந்தால், அந்தத் தலையிடிக்காரர்களைப் மாற்றத்துக்கு விரோதிகள் என்று தள்ளிவைத்திருப்பார்கள்.

மருதமுனைக்கு வருவோம். கைத்தறிச் சாரனும் சாரியும் நெய்யும் ஊர். தறிக்காரரின் வீட்டு முற்றத்தில் புதுச் சாரனை விரித்துப் படமெடுத்து, பேஜில் போட்டு, இன்பொக்ஸில் விலை பேசி விற்பவர்கள் அங்கே பலர். 2021 ஜனவரியில் பேஸ்புக் பேஜ்களின் புதிய வடிவத்தை அறிவித்தபோது ‘லைக்’ பொத்தான் எடுபட்டு, பின்தொடர்வோர் தொகை மட்டும் மிஞ்சியது. பல வருடம் சேர்த்த லைக் தொகைதான் புது வாடிக்கையாளருக்கு அந்தப் பேஜின் நம்பிக்கைப் பத்திரம். நண்பர்களுக்கு முன்னுரிமை கொடுப்பதாக 2018 ஜனவரியில் அறிவித்த மாற்றத்துக்குப் பிறகு, காசு கொடுக்காத பேஜ்களின் பதிவுகள் போய்ச்சேரும் தூரமும் சுருங்கியது. சரி, பூஸ்ட் பண்ணலாம் என்றால் கட்டணத்தின் அடிப்படை டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போனது. கலிபோர்னியாவில் ஒரு குழு ‘பேஜ்களைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுவோம்’ என்று முடிவெடுத்தால், மருதமுனையில் ஒரு சாரனுக்குக் கிடைக்கும் இலாபம் விளம்பரச் செலவாகிறது. இதற்கும் அந்தச் சாரன் வியாபாரி பழகிக்கொண்டார். விலையைக் கூட்டியோ வருமானத்தைக் குறைத்தோ பழகிக்கொண்டார்.

6. இலவசம் என்ற வாதத்தை எடுத்துவைக்கும் தகுதியே அந்த நிறுவனங்களுக்கு இல்லை. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் 2023ஆம் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 13,490 கோடி டொலர். மிகப் பெரும் பகுதி விளம்பரத்தால் வந்தது. விளம்பரக்காரர் வாங்குவது பாவனையாளரின் நேரத்தையும் கவனத்தையும். அதைக் கொடுப்பவருக்கு அந்த இடத்தின் ஒழுங்கைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது; கல்முனையிலிருந்து கேட்டாலும் இருக்கிறது.

கேட்டுப் பார்த்தோம், யாரும் அக்கறை காட்டவில்லை என்று சொல்வதற்கும் அவர்களிடம் ஒரு கதை உண்டு. 2009 முதல் விதிமுறை மாற்றங்களில் பாவனையாளர் வாக்களிக்கலாம் என்று பேஸ்புக் ஓர் ஏற்பாடு வைத்திருந்தது. 2012 டிசம்பரில் அந்த வாக்குரிமையையே நீக்குவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 6 இலட்சத்து 68 ஆயிரம் பேர் வாக்களித்தார்கள். நூற்றுக்கு 88 பேர் எதிர்ப்பு. ஆனாலும் முடிவு செல்லுபடியாகவில்லை, ஏனென்றால் மொத்தப் பாவனையாளரில் 30 சதவீதம் பேர் வாக்களிக்க வேண்டும் என்பது விதி. அன்று பேஸ்புக்கில் 100 கோடிப் பேர். 30 சதவீதம் என்றால் 30 கோடி. அமெரிக்காவின் மொத்தச் சனத்தொகைக்கு அண்மித்த ஒரு தொகை. எட்ட முடியாத உயரத்தில் வாக்குப் பெட்டியை வைத்துவிட்டு, எவரும் வரவில்லை என்று மூடினார்கள்.

7. பழையதை வைத்திருக்க முடியாது என்பதும் பொய். ரெடிட் 2018இல் புதிய தோற்றத்துக்கு மாறியது. பழைய தோற்றத்தைத் தனி முகவரியில் விட்டுவைத்தது. விரும்பியவர்கள் பல வருடங்களாக அதையே பாவிக்கிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியா 2023 ஜனவரியில் தோற்றத்தை மாற்றியபோது அங்கேயும் கடும் எதிர்ப்பு. ஆனால் மாற்றத்துக்கு முன் பங்களிப்பாளர்களோடு நீண்ட வாதம் நடந்தது, கணக்கு வைத்திருப்போர் பழைய தோற்றத்தையே தெரிவு செய்யும் வழியும் திறந்திருந்தது. விக்கிப்பீடியா நன்கொடையில் ஓடும் தளம். அதற்கு முடிந்தது மெட்டாவுக்கு முடியாது என்று நம்பக் காரணம் எதுவுமில்லை. பேஸ்புக்கே 2020 மே மாதம் கணினித் தோற்றத்தை மாற்றியபோது பழையதற்குத் திரும்பும் வழியைச் சில மாதங்கள் வைத்திருந்துவிட்டு, செப்டெம்பரில் எடுத்தது. முடியாமல் எடுக்கவில்லை, வேண்டாம் என்று எடுத்தது.

எல்லா முறைப்பாடும் சரியானது என்று எவரும் வாதாடத் தேவையில்லை. வட்ஸ்அப் 2024இல் ஐபோன்களில் முழுக்கப் பச்சையானபோது பலர் கோபப்பட்டார்கள்; நிறம் எவருக்கும் எதையும் இழக்கச் செய்யவில்லை, கோபமும் அடங்கியது. அப்படிப்பட்டவற்றில் கடைத்தெருத் தீர்ப்பு சரிதான். பிழை எங்கே வருகிறது என்றால், நிறத்துக்குச் சரியாகும் தீர்ப்பைச் செய்தி ஓட்டத்துக்கும் அந்தரங்கத்துக்கும் பிழைப்புக்கும் கண் பார்வைக்கும் நீட்டும்போது வருகிறது. எது எந்த வகை என்று எப்படிப் பிரித்தறிவது? முறைப்பாட்டை வாசித்துத்தான். வாசிக்காமலே ‘பழகிரும்’ என்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இதில் அரசுக்கும் ஒரு கடமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் 2023 ஓகஸ்ட் முதல் மிகப் பெரிய தளங்கள் மீது ஒரு கட்டாயத்தை விதித்திருக்கிறது: பாவனையாளரைப் பற்றிச் சேகரித்த விபரங்களை வைத்துப் பதிவுகளை வரிசைப்படுத்தாத தெரிவு ஒன்றையாவது அவருக்குக் கொடுத்தாக வேண்டும். இலங்கையின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், 2024 ஜனவரியில் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பாவனையாளர் எதை எழுதினால் குற்றம் என்பதுதான் அதன் மையம். ஒரு முழு நாட்டின் முகப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றும் நிறுவனத்தைத் தட்டிக் கேட்பதற்காக எழுதப்பட்ட சட்டம் அல்ல அது. 2017இல் நம் மக்கள் மீது பரிசோதனை நடத்தியவர்கள் மறுபடி நடத்தினால் கேட்க நாதியில்லை.

அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற கோரிக்கை நாட்டில் பலமாக இருக்கிறது. திருத்தம் மேசைக்கு வரும்போது மூன்று விடயங்களை அதில் எழுத வேண்டும். செய்தி வந்துசேரும் ஒழுங்கை மாற்றும் முன் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் முன்கூட்டி அறிவிக்க வேண்டும். நேர வரிசையை நிரந்தர முகப்பாக வைத்துக்கொள்ளும் தெரிவு ஒவ்வொருவருக்கும் வேண்டும். முழு நாட்டையும் அறிவித்தல் இல்லாத பரிசோதனைக்கு உட்படுத்தக் கூடாது. அம்பாறை மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும். ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பமும் ஊடகமும் படிப்பிப்பவர்கள் இதற்குத் தேவையான ஆதாரத்தைத் தொகுக்க வேண்டும். ஊர்ப் பேஜ்களை நடத்தும் அட்மின்கள் அடுத்த மாற்றம் வரும் நாளிலிருந்து, எந்தப் பதிவு எத்தனை பேரைச் சேர்ந்தது என்ற கணக்கை எழுதி வையுங்கள். சிலோவாக்கியாவில் அந்தக் கணக்கை ஒரு பத்திரிகையாளர் வைத்திருந்தார். 2017இல் நம்மிடம் அது இருக்கவில்லை.